மூன்று மணிக்குக் கல் அரிந்த காரணம்

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் சொல்வதற்கு வேறு ஆளில்லை.

நாற்பத்தொரு வீடு. இருபதுக்கு மேல் கிணற்றுக்கட்டு. மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட ஒரு நிரை கடை, அத்தனைக்கும் கொங்கிறீற் கூரை. ஒரு கோயிலுக்கு மடைப்பள்ளி, இன்னொரு கோயிலுக்குத் தேர்முட்டி. பருத்தித்துறையில் கடலைப் பார்த்தபடி ஒரு மதில், எத்தனை மாரி அடித்தும் வெடிப்பு விடவில்லை. ஊருக்கு ஒரு வாசிகசாலை. அதற்கு நான் கூலி வாங்கவில்லை, திறப்புவிழாக் கல்லில் என் பெயரும் இல்லை, அது போகட்டும். அப்பா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு மேசனுக்குச் சாந்து குழைத்துக் கொடுக்கப் போனேன். முப்பது வயதில் நானே கொந்தராத்து எடுத்தேன். நாற்பதில் சொந்த லொறி. இஞ்சினியர்மார் கடதாசியில் கீறிக்கொண்டு வந்த பிழைகளை நிலத்தில் நின்று கண்ணால் பார்த்துத் திருத்தியிருக்கிறேன். அவர்கள் அதை வெளியே சொல்லமாட்டார்கள்.

இவ்வளவும் செய்தவன், என் தங்கையின் மகளை ஓர் அறைக்குள்ளிருந்து வெளியே கொண்டுவர வழி தெரியாமல் பத்து மாதம் என் சொந்த வீட்டு விறாந்தையில் நின்றேன். அதை எழுதத்தான் வந்து கதிரையில் இருந்தேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். தங்கையின் வீடும் எரிந்தது. மச்சான் அரசாங்க உத்தியோகம், அன்று கந்தோரில் அகப்பட்டுக்கொண்டார். தங்கையும் மகளும் பின்மதிலால் ஏறி அடுத்த வீட்டுச் சிங்கள மனுசியிடம் ஓடியிருக்கிறார்கள். அந்த மனுசி பிள்ளையின் பொட்டை அழித்து, தன் மகளின் சட்டையைப் போட்டுவிட்டு, தங்கையை அலுமாரிக்குப் பின்னால் இருத்தினாளாம். கூட்டம் வந்து கேற்றைத் தட்டியபோது வீட்டுக்காரிக்குப் பயத்தில் குரல் எழும்பவில்லை. யன்னலால் பதில் சொன்னது எங்கள் பிள்ளை. பதினான்கு வயது. இங்கே தமிழர் யாரும் இல்லை, போங்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். அவர்கள் போய்விட்டார்கள். போய், மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த அவளுடைய வீட்டைக் கொளுத்தினார்கள். யன்னலை விட்டு விலகினால் சந்தேகப்படுவார்கள் என்று அவள் அங்கேயே நின்று அதைப் பார்த்திருக்கிறாள்.

பிறகு அகதி முகாம், மச்சானும் அங்கே வந்து சேர்ந்தார். அங்கேதான் அவள் பெரியபிள்ளையானாள். தலைக்கு வார்க்க ஒரு வாளித் தண்ணீருக்கு வழியில்லை என்று தங்கை சொல்லிச் சொல்லி அழுவாள். கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். நான் லொறியோடு போய்த் துறைமுகத்தில் நின்றேன். தங்கையின் கையில் ஒரு பால்மா ரின் இருந்தது. பிள்ளையின் கையில் ஒன்றுமில்லை. லொறியில் எனக்குப் பக்கத்தில் அவளை இருத்திக்கொண்டு சொன்னேன்.

"பயப்பிடாதை பிள்ளை. இனி எங்கடை இடம். இஞ்சை ஒருத்தரும் உன்னைத் தொட ஏலாது."

அவள் "ம்" என்றாள். அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு நான் பெரிய மனிதனாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மச்சான் சம்பளத்தை விடமுடியாமல் மாதம் ஒன்று போனதும் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நானே போனேன். அந்தப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த்தொட்டி நான் கட்டியது, ஆகவே அதிபர் எழுந்து நின்றுதான் கதைத்தார். மூன்று கிழமை போனது. ஒருநாள் வகுப்பில் பின்னாலிருந்து ரீச்சர் திடீரென்று கேள்வி கேட்க, திடுக்கிட்டுப் போன பிள்ளையின் வாயில் பதில் சிங்களத்தில் வந்துவிட்டது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. இடைவேளைக்குள் பட்டம் வைத்துவிட்டார்கள்: சிங்களத்தி. அடுத்தநாள் அவளுடைய மேசையில் அதைக் கொம்பாசால் கீறியிருந்தார்களாம். தமிழிச்சி என்று வீட்டை எரித்த ஊரிலிருந்து தப்பி வந்தவளுக்கு எங்கள் பிள்ளைகள் கொடுத்த பெயர் அது.

அன்று வந்து பின் அறைக்குள் போய்க் கொண்டியைப் போட்டவள்தான். கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் மட்டும், வளவில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து வருவாள். சாப்பாடு தங்கை கொண்டுபோய்க் கொடுப்பாள். அடுத்த வருடம் மார்கழியில் ஓ.எல். பரீட்சை. அதைத் தவறவிட்டால் இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை எப்படி முடங்கிப்போவாள் என்று எனக்குத் தெரியும்.

நான் கதவுக்கு வெளியே கதிரை போட்டு இருந்து, பன்னிரண்டு வயதில் சாந்து குழைத்த நாள் தொடக்கம் நான் முன்னுக்கு வந்த கதையைச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஒரு கட்டமாக, நான்கு நாள். ஐந்தாம் நாள் என் மனைவி குசினிக்குள்ளிருந்து கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அவள் மேசன் வேலைக்கோ போகப்போறாள்?"

வைத்தியம் பார்த்தேன். நூல் கட்டுவித்தேன். பட்டணத்தில் ஒரு டொக்டரிடம் தங்கையை அனுப்பிக் கேட்டேன். பயம், நாள் எடுக்கும் என்றார். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட்டால் எத்தனையாம் நாள் சுவர் எழும்பும் என்று நான் சொல்லுவேன். படித்த மனிதருக்கு ஒரு பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளைக்குச் சாமத்தியவீடு செய்யவில்லையே. தலைக்குத் தண்ணீர் வார்த்து, தாய்மாமன் நான் தேங்காய் உடைத்து, ஊரைக் கூட்டி, நகை போட்டு அவளை மணவறையில் இருத்தினால், தானொரு ராசாத்தி என்று அவளுக்கு நினைப்பு வராதோ? தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அண்ணை, பிள்ளைக்கு விருப்பமில்லை."

"சாமத்தியவீட்டுக்குப் பிள்ளையின்ரை விருப்பத்தை ஆர் கேட்டது? தண்ணி வாக்கேல்லை எண்டு அழுதது நீதானே."

"அது உள்ளுக்கை, நாலு பொம்பிளையளோடை எண்டால்..."

"நாலு பேரோ? ஊர் முழுக்க வரட்டும். அங்கை ஒரு கூட்டம் அவளை எரிக்க வந்தது. இஞ்சை ஒரு கூட்டம் வாழ்த்த வரட்டும். அதை இது அழிச்சுப்போடும்."

இதைச் சொன்னபோது என் மனதில் எவ்வளவு பெருமை என்று இப்போது நினைக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

தை பிறந்ததும் நாள் பார்த்தேன். வளவை அடைத்துப் பந்தல். இரண்டு கூட்டு மேளம். பூவரச மரத்தில் ஒலிபெருக்கி. பட்டணத்திலிருந்து ஒரு பெட்டி சீனவெடி. பிள்ளையின் தலையை வெள்ளையால் மூடி, இரண்டு மாமிமார் கையைப் பிடித்து அறையிலிருந்து கிணற்றடிக்குக் கூட்டிவந்தார்கள். நடந்து வந்தாள். மறுக்கவில்லை. பலகையில் இருந்தாள். நான் பால் அறுகு வைத்தேன், மனைவி முதல் குடம் தண்ணீரை வார்த்தாள். நான் தேங்காயை உடைக்கவும், பலகாரத் தட்டுகளோடு வந்த சனம் கேற்றடியில் முண்டியடிக்கவும், யாரோ வெடிக்கட்டைக் கொளுத்தவும் சரியாக இருந்தது.

நனைந்த வெள்ளைக்குள்ளிருந்து பிள்ளை கத்தினாள். ஒரே வசனம், மூன்று தரமோ நான்கு தரமோ. எனக்கு விளங்கவில்லை. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்துத்தான் அது சிங்களம் என்று தெரிந்தது. இங்கே தமிழர் யாரும் இல்லை, போங்கள். கேற்றடியில் நின்ற சனத்தில் தெற்கில் கடை வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கு அது விளங்கியது. மற்றவர்களுக்கு அவர்கள் விளங்கப்படுத்தினார்கள். மேளகாரர் நிறுத்துவதா வாசிப்பதா என்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தேங்காய்ப் பாதியோடு நின்றேன்.

நான்கு பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் அறையில் விட்டார்கள். கொண்டி விழுந்தது. அதற்குப் பிறகு கட்டிலை இழுத்துக் கதவோடு அணைக்கும் சத்தம் கேட்டது. வந்த சனம் பந்தியில் இருந்து சாப்பிட்டது. சாம்பார் நல்லாயிருந்தது என்று இரண்டு பேர் எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு தங்கை என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. நானும் அந்த அறைப்பக்கம் போகவில்லை. போய் என்ன சொல்வது?

பங்குனியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ரீச்சர் வந்தா. வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்ட அதே ரீச்சர். முப்பது வயதுகூட இருக்காது. விறாந்தையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"ஐயா, கொழும்பிலையிருந்து வந்த பிள்ளையள் எங்கடை பாடசாலையிலை இன்னும் மூண்டு பேர் இருக்கினம். அவையோடையும் ஒருத்தரும் சேருறேல்லை. பின்னேரத்திலை இஞ்சை கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"வந்து என்ன செய்யிறது?"

"ஒண்டுமில்லை. உங்கடை பிள்ளையோடை இருக்கட்டும்."

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறதுக்கு மூண்டு பேர் ஏன் ரீச்சர்?"

"இருக்கட்டும் ஐயா. நீங்கள் மட்டும் கிட்டப் போகாதேங்கோ."

நான் கட்டிய வீட்டில் நான் கிட்டப் போகக்கூடாதாம். ஆனாலும் வரட்டும் என்றேன்.

மூன்று பெண்பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டுச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வருவார்கள், ஐந்து மணிக்குப் போவார்கள். முதல் இரண்டு கிழமை கதவுக்கு வெளியே நிலத்தில் பாய் போட்டு இருந்தார்கள். பாடப்புத்தகம் வாசித்தார்கள். மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். மூன்றாம் கிழமை பாய் உள்ளே போனது. சித்திரை வெயிலில் ஒருநாள், நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நிற்கிறேன், உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். எங்கள் பிள்ளையின் சிரிப்பை நான் அதற்கு முதல் கேட்டதில்லை, ஆனால் தங்கையின் சிரிப்புப் போலவே இருந்தது. சந்தோசத்தில் யன்னலடிக்குப் போனேன். போனால், நான்கு பேரும் சிங்களம் கதைக்கிறார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வீட்டை எரித்தவனின் பாசை என் வீட்டுக்குள். கதவில் ஓங்கித் தட்டினேன்.

"உந்தப் பாசை என்ரை வீட்டிலை கேக்கப்படாது. விளங்குதோ?"

கதவு திறந்தது. ஏழு மாதத்தில் அவள் எனக்குக் கதவைத் திறந்தது அதுதான் முதல்தரம். மெலிந்து நெடுத்துப் போயிருந்தாள்.

"மாமா, அந்தப் பாசை வாயிலை வந்தபடியாத்தான் நான் இப்ப உங்களுக்கு முன்னாலை நிக்கிறன். அண்டைக்குப் பயத்திலை கதைச்சனான். இண்டைக்குப் பகிடிக்குக் கதைக்கிறன். அதிலை உங்களுக்கு என்ன?"

உள்ளேயிருந்து ஒருத்தி ஏதோ சொல்ல மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும். பிள்ளை கதவைச் சாத்தினாள். கொண்டி போடும் சத்தத்துக்காகக் காத்து நின்றேன். கேட்கவில்லை. நான் திரும்பிப் போய் மற்றக் காலையும் கழுவினேன்.

இரண்டு கிழமை கழித்து, முன்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற கிளாக்கர் வந்தார். சாமத்தியவீட்டில் கேற்றடியில் நின்றவர்களில் ஒருவர்.

"என்ன முதலாளி, பின்னேரத்திலை உங்கடை பின்பக்கத்திலை சிங்களம் கேக்குது?"

"ரேடியோவாக்கும்."

"ரேடியோ சிரிக்குமோ?"

"நல்ல ரேடியோவெண்டால் சிரிக்கும்."

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "காலம் சரியில்லை கண்டியளோ. பின் ஒழுங்கையாலை இயக்கப் பெடியள் போய்வருவினம். ஆமியோடை தொடர்பெண்டு ஆரும் ஒரு கதையைக் கட்டிவிட்டால், பிறகு நீங்களோ நானோ சொல்லி எடுபடாது. உங்கடை நன்மைக்குச் சொல்லுறன்."

அன்று நான் சாப்பிடவில்லை. அப்படிக் கதை கட்டப்பட்டவர்களைத் துரோகி என்று சுட்டுப்போட்டது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளிடம் போய் மெல்லக் கதையுங்கள் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள். இங்கேயும் வெளியே ஆட்கள் காது வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நான் சொல்லவேண்டும். இங்கே ஒருத்தரும் உன்னைத் தொட ஏலாது என்று லொறியில் சொன்னவன் நான். அதைச் சொன்னால் கட்டில் திரும்பவும் கதவோடு போகும், அதற்குப் பிறகு எந்த ரீச்சர் வந்தும் பயனில்லை. சொல்லவும் ஏலாது, சொல்லாமல் விடவும் ஏலாது.

எனக்குக் கல் அரியும் வளவு ஒன்று கால் மைல் தள்ளி இருந்தது. கல் அரிவதென்றால், சீமெந்தும் மணலும் கலந்து மர அச்சில் போட்டு, இடிகட்டையால் இறுக இடித்துக் கல்லாக எடுப்பது. லொறி வந்து திரும்பக்கூடிய வசதியான இடம். அடுத்த நாள் இரண்டு அச்சையும் மணலையும் என் வீட்டுப் பின்வளவுக்கு, அந்த அறை யன்னலுக்கும் ஒழுங்கை வேலிக்கும் நடுவில் கொண்டுவந்து, பின்னேரம் மூன்று மணிக்கு அரியத் தொடங்கச் சொன்னேன். வேலையாட்கள் இரண்டு பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"முதலாளி, உங்கை லொறி வராது. கல்லை ஆர் சுமக்கிறது?"

"நீங்கள்தான்."

"அதுவும் மூண்டு மணிக்கோ? கல் அரியிறது காலமையெல்லே."

"எனக்கு மூண்டு மணிதான் சரி. அஞ்சு மணிக்கு நிப்பாட்டலாம்."

ஒருவன் மற்றவனுக்கு, எனக்குக் கேட்கத்தக்கதாக, "சாமத்தியவீட்டோடை முதலாளிக்கு ஒரு ஆணி கழண்டுபோச்சு" என்றான். நான் மணலை அளக்கத் தொடங்கினேன்.

வைகாசியிலிருந்து ஆவணி வரை அப்படி நடந்தது. தொம், தொம், தொம். அந்தச் சத்தத்தில் ஒழுங்கையால் போகிறவனுக்குத் தன் சைக்கிள் மணியே கேட்காது. ஓர் ஆள் வராத நாளில் நானே இடிகட்டையைப் பிடித்தேன். அப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வலத் தோள் இன்றைக்கும் மாரிகாலத்தில் உளைகிறது. கல் குவிந்து கிணற்றடி வரை வந்தது. வாங்க ஆளில்லாத கல்.

ஒருநாள் உள்ளே யாரோ ஒருத்தி அழுதாள். எங்கள் பிள்ளையா, மற்றவர்களில் ஒருத்தியா தெரியவில்லை. சும்மா அழுகை இல்லை, வயிற்றிலிருந்து வருகிற அழுகை. அழுதுகொண்டே சிங்களத்தில் எதையோ சொன்னாள், நீளமாக. வேலையாள் இடிகட்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். வேலிக்கு வெளியே இரண்டு பேர் கதைத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. நான் அவன் கையிலிருந்து இடிகட்டையைப் பறித்து இடித்தேன். அச்சில் கலவை இருக்கவில்லை. வெறும் அச்சை இடித்தேன். என் வீட்டில் ஒரு பிள்ளை அப்படி அழுகிறாள், என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

கிளாக்கர் பிறகொருநாள் ஒழுங்கையில் என்னைக் கண்டு நின்றார். "கல்லுச் சத்தத்திலை உங்கடை ரேடியோ இப்ப கேக்கிறேல்லை" என்றார். என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஆவணி மாதம் ஒருநாள் பருத்தித்துறையில் மதில் வேலை. மத்தியானம் திரும்பி வந்தால் பின் அறைக் கதவு விரியத் திறந்திருக்கிறது. உள்ளே ஆளில்லை. படுக்கை மடித்து வைத்திருந்தது. நேரே ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். குசினி வாசலில் மனைவி.

"உதுக்கை என்னத்தைப் பாக்கிறியள்? பிள்ளை பள்ளிக்கூடம் போட்டாள்."

"ஆரோடை?"

"அந்த மூண்டு பேரோடையும். சைக்கிளிலை."

"எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொன்னால் மேளத்துக்குச் சொல்லிவிட்டிருப்பியள்."

மார்கழியில் பரீட்சை எழுதினாள். சித்தியடைந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். தீபாவளிக்கு இன்றைக்கும் அறைக்குள்தான் இருப்பாள். அதற்குப் பிறகு இந்தக் குடாநாட்டில் வெடித்தவை சீனவெடிகளும் இல்லை. ஆனால் படித்து அவளும் ரீச்சரானாள். தீவுப்பகுதியிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்த பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் பின்னேரத்தில் கூட்டிவைத்துக்கொண்டு இருப்பாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "ஒண்டுமில்லை மாமா, இருக்கிறம்" என்றாள்.

போன வருடம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு மலர் போட்டார்கள். கடதாசித் தட்டுப்பாட்டால் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்தது. அதில் அவள் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள், தான் அந்த அறையிலிருந்து மீண்டதைப் பற்றி. நான் மெல்லத்தான் வாசிப்பேன், இரண்டு நாள் எடுத்தது. அடுத்த வீட்டுச் சிங்கள மனுசிக்கு நன்றி. ரீச்சருக்கு நன்றி, மூன்று தோழிகளுக்கு நன்றி. மாமியின் தேத்தண்ணிக்குக்கூட ஒரு வரி. என்னைப் பற்றி, "மாமா வீட்டில் தங்கியிருந்தோம்." அதன் பிறகு இப்படி: "யன்னலுக்கு வெளியே நாள் தவறாமல் கல் அரிவார்கள். நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்காது. வேறு இடமும் நேரமும் மாமாவுக்குக் கிடைக்கவில்லை. அந்த இரைச்சலையும் மீறித்தான் நாங்கள் பேசக் கற்றுக்கொண்டோம்."

அவளில் பிழையில்லை. நான் சொல்லவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்? இப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதாகிறது, இந்த ஊரைப் பற்றி என்னைவிட அவளுக்குத் தெரியும், இனிச் சொன்னால் தாங்குவாள். முகத்துக்கு நேரே சொல்ல இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் மழை வரும்போல இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே மலர் போடுகிறவர்களுக்கு எழுதித் தருகிறேன்.

அடுத்த மலர் போடும்போது இதைத் திருத்தவேண்டும். தயவாகக் கேட்கவில்லை, செய்யத்தான் வேண்டும் என்கிறேன். சாமத்தியவீட்டில் வெடி வாங்கியது மாமா என்று எழுதுங்கள், அது என் பிழை, பெரிய எழுத்திலும் போடலாம். அதற்குக் கீழே, வைகாசி முதல் ஆவணி வரை பின்னேரம் மூன்று மணிக்குக் கல் அரிந்ததும் அதே மாமாதான், அந்தக் கல் ஒன்றுகூட விற்பதற்காக அரிந்ததில்லை என்று ஒரு வரி வரவேண்டும்.